தொப்பிகள் மட்டும் இடம் மாறின

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை. மாதம் பிறந்தால் எங்கள் வகுப்பாசிரியை எல்லோரையும் இடம் மாற்றி உட்கார வைப்பார். இம்முறை எனக்குக் கடைசி வரிசை. தெபோரா முன்னால், கரும்பலகைக்குப் பக்கத்தில். "எல்லாரும் எல்லாரோடயும் பழகணும்" என்கிறார் ஆசிரியை. எனக்கு எல்லோரோடும் பழக வேண்டாம். தெபோராவோடு பழகினால் போதும்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கும் அதே கதை. மீன் டப்பா தொழிற்சாலையில் இனி எல்லோரும் மேசை மாறி மாறி வேலை செய்ய வேண்டுமாம். அங்கே மூன்று மேசைகள். வெட்டு மேசையில் மீனின் தலையையும் குடலையும் எடுப்பார்கள். அடுக்கு மேசையில் வெந்த மீனின் வாலைக் கத்தரிக்கோலால் நறுக்கி, டப்பாவில் அடுக்கி, ஆலிவ் எண்ணெய் விடுவார்கள். மூடிய டப்பாவை வண்ணத்தாளில் சுற்றுவது தாள் மேசை. அம்மா அடுக்கு மேசை. அவளுக்கு நேர் எதிரே என் ஞானத்தாய் இடாலினா, என் ஞானஸ்நானத்தில் என்னை ஏந்தியவர்; நான் ஞானம்மா என்பேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருவரும் அப்படித்தான் எதிரெதிரே நிற்கிறார்கள். அப்படி நின்றதால்தான் எனக்கு அவர் ஞானத்தாய் ஆனார்.

போர்த்தோ நகரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வரும் இன்ஜினியர், கிளாரிசா என்று பெயர், அவருடைய யோசனை இது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்தால் கை கெட்டுவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேசை மாறினால் கை பிழைக்கும் என்றாராம். ஈஸ்டர் வரை சோதனை.

ஞானம்மா எங்கள் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கத்தினார். "நாளைக்கு அந்த முதலாளியும் ரெண்டு மணி நேரம் வந்து குடல் எடுக்கட்டும்டீ, அப்புறம் நான் மாறறேன்!"

அம்மா கத்தவில்லை. "ஏழு வருஷம் தலை வெட்டிட்டுத்தான் அடுக்கு மேசைக்கு வந்தேன்" என்றாள். "இப்போ திரும்பிப் போன்னா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

பிப்ரவரி 9, திங்கள்

சோதனை இன்று தொடங்கியது. எல்லோருக்கும் நிறத்தொப்பி. ஒரு குழுவுக்கு நீலம், ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்கு மஞ்சள். மாடிக் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் எந்த நிறம் எந்த மேசையில் நிற்கிறது என்று இன்ஜினியருக்குத் தெரியும். அம்மாவுக்கு நீலம். உள்ளே அவளுடைய எண் தைத்திருக்கிறது.

நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பல நாடுகளில் செய்கிறார்களாம். வேலையாளுக்குச் சலிப்புக் குறையும், நிறைய வேலை தெரிந்துகொள்வார்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் நிற்கலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. சாப்பாட்டின்போது அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன்.

சோள ரொட்டியை சூப்பில் தோய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், முடித்ததும் சொன்னாள்: "கடைசி வரிசைல உக்காரச் சொன்னதுக்கு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தவ யாரு? பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

அம்மா காப்பிக் கோப்பையை உடைத்தாள். இந்த மாதத்தில் இது முதல் கோப்பை இல்லை. "வழுக்குது" என்றாள். கோப்பை காய்ந்திருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

அம்மா ஆரஞ்சுப் பழத்தை எடுத்தாள், பார்த்தாள், உரிக்காமலே திரும்ப வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 26, வியாழன்

நான் எவ்வளவு மடச்சி.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மா எனக்குத் தலை பின்னுவதை நிறுத்திவிட்டாள். "பெரியவளாயிட்ட, நீயே பின்னிக்கோ" என்றாள். நானும் பெருமையாகப் பின்னிக்கொண்டேன்! பெரியவளாகிவிட்டேனாம்!

இன்று சுகாதார நிலையத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். டாக்டர் அவள் மணிக்கட்டைத் தட்டினார், விரல் விரலாகக் கிள்ளினார். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் அவர் கிள்ளியதே தெரியவில்லை அம்மாவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு "இல்ல... இல்ல... இல்ல..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கத்தரிக்கோல் வேலையா? நாள் முழுக்க அதேதானா?" என்று கேட்டார் டாக்டர். "இப்படியே போனா அடுத்த வருஷம் சட்டைப் பொத்தான் போட்டுக்கவே ஆள் தேடணும். ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப அதே வேலைக்குப் போனா அதே கதைதான். கைக்கு வேற வேலை குடுங்க."

"இப்போ மாத்தி மாத்தித்தான் செய்யறோம் டாக்டர். புதுசா ஒரு திட்டம் வந்திருக்கு" என்றாள் அம்மா.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "மாத்தியுமா இப்படி இருக்கு? போகப் போகக் குறையும்னு வெச்சுக்குவோம்."

வரும் வழியில் எனக்கு ஒரே நிம்மதி. திட்டம் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறதே! அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மார்ச் 1, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

ஞாயிறு துணி துவைப்பது இப்போது என் வேலை. அம்மாவின் நீலத் தொப்பியை முக்குவதற்கு முன் ஏதோ வாசனை வந்தது. மோந்து பார்த்தேன். மீன் இரத்தம். கூடவே தேங்காய் எண்ணெய்.

எங்கள் வீட்டில் யாரும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதில்லை. அம்மா மேல் இருப்பது ஆலிவ் எண்ணெயும் பிரிஞ்சி இலையும் கலந்த அடுக்கு மேசை வாசனை. நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யோசித்துப் பார்த்தால், திட்டம் தொடங்கிய பிறகும் ஒருநாள்கூட அந்த வாசனை மாறவே இல்லை. வெட்டு மேசைப் பெண்கள் பேருந்தில் ஏறினாலே தெரியும். இரத்தத்தின் இரும்பு வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

தொப்பியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஞானம்மா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோட தொப்பிம்மா?"

"என்னோடதுதான். உள்ள நம்பரப் பாரு."

"நம்பர் உன்னோடது. தலை யாரோடது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஞானம்மாவுக்குக் காப்பி புரையேறிவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு.

"புத்தகம் படிக்கற பொண்ண வளக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்டீ ஒதீலியா!"

அம்மாதான் விளக்கினாள். இடைவேளைக்கு மணி அடித்ததும் எல்லோரும் கைகழுவும் அறைக்குப் போவார்களாம். அங்கே தொப்பியை மாற்றிக்கொள்வார்களாம். நீலம் வெட்டு மேசைக்கும் வெள்ளை அடுக்கு மேசைக்கும் போக வேண்டிய நேரமென்றால், ஏற்கெனவே வெட்டு மேசையில் இருப்பவளுக்கு நீலத்தைக் கொடுத்துவிட்டு அவள் வெள்ளையை இவள் வாங்கிக்கொள்வது. எல்லோரும் அவரவர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

"அந்த இன்ஜினியர் மேலேருந்து பாக்கறா. மூஞ்சில மாஸ்க், உடம்புல ஏப்ரன். தெரியறது தொப்பி மட்டும்தானே?"

"வெட்டு மேசைக்காரங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்களுக்கும் நிம்மதிதான். எங்க மேசைக்கு வந்தா கை வராது, எங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கணும். எங்களுக்கு மாசக் கடைசில கூட வர்ற கொஞ்சப் பணமும் போயிடும். எல்லாருக்கும் இதுதான் நல்லது."

"உன் தொப்பியப் போட்டுக்கறது யாரு?"

"ஸுல்மீரான்னு ஒருத்தி. கேப் வெர்டே தீவுலருந்து போன வருஷம் வந்தா."

"அவங்களுக்கும் இதுதான் நல்லதா?"

"புதுசா வந்தவளப் போய் யாரு கேட்டா?" என்றார் ஞானம்மா.

நானும் சிரித்தேன். ஒத்துக்கொள்கிறேன், சிரித்தேன். அத்தனை பெண்கள் சேர்ந்து ஒரு கண்ணாடி அறையை ஏமாற்றுவது கேட்க நன்றாகத்தான் இருந்தது. தொப்பியைத் துவைத்துக் கொடியில் போடும்போதுதான் உறைத்தது. அம்மா டாக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

அப்பா ஓட்டும் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போனேன். அப்பாவும் வாரா வாரம் வழித்தடம் மாறுகிறவர். நீங்கள் உங்களுக்குள் மாற்றிக்கொள்வதில்லையா என்று கேட்டேன்.

"மாத்திக்கறதுதான். ஃபுட்பால் மேட்ச் அன்னைக்கு யாராவது சாயங்கால வண்டி ஓட்டுவானா? ஆனா ரெண்டு பேரும் ஆபீஸ்ல சொல்லிட்டு மாத்திப்போம்."

"சொல்லாம மாத்தினா?"

"வண்டி எங்கயாவது இடிச்சா, அங்க இல்லாதவனப் போய்க் கேப்பாங்க" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உங்கம்மாவப் பத்தியா கேக்கற?"

கடைசி நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். அவருக்கும் தெரியுமோ?

மார்ச் 18, புதன்

அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது.

பள்ளியில் தொழில் வாரம். ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து தன் வேலையைப் பற்றிப் பேசுவார். இன்று வந்தவர் இன்ஜினியர் கிளாரிசா!

நான் நினைத்தது போல் இல்லை. சின்ன உருவம். பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிறார். தொழிற்சாலைத் திட்டத்தைப் பற்றித்தான் பேசினார். படம் போட்டுக் காட்டினார். திட்டத்துக்கு முன் எத்தனை பேருக்குக் கைவலி, இப்போது எத்தனை பேருக்கு. இரண்டு கோடுகளும் ஒரே உயரம்.

"பெண்கள் முழுமையா ஒத்துழைச்சாங்க" என்றார். "ஒரு தடவைகூட நிறம் தப்பல. ஆனா வலி குறையல. அப்போ என் யோசனை தப்புன்னுதானே அர்த்தம்? அளந்து பாத்தோம், ஒத்துக்கணும். ஈஸ்டர் முடிஞ்சதும் அப்படித்தான் எழுதிக் குடுக்கப்போறேன். பழையபடி அவங்கவங்க இடம். கை ரொம்ப மோசமானவங்கள வேலைய விட்டு அனுப்பறத தவிர வேற வழி தெரியலங்கறார் முதலாளி."

அனுப்பறதா?

என் கை தானாக மேலே போயிற்று. வகுப்பே திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசை அல்லவா, எல்லோரும் திரும்பத்தான் வேண்டும். என்ன கேட்பது? உண்மையைச் சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அம்மாவின் கை -

"நீங்க... கீழ இறங்கிப் போய்ப் பாத்தீங்களா?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். இன்ஜினியரின் முகம் சிவந்தது. "போனேன். நான் போனா எல்லாரும் பேச்ச நிறுத்திடறாங்க. எனக்கு அங்க எப்படி நிக்கறதுன்னே தெரியல. அதனால திரும்ப மேல வந்துட்டேன்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதனால் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "வாயத் தொறந்தியா?"

"தொறக்கல."

"தொறக்காத."

"அம்மா, நீங்க மாறவே இல்லன்னு அவங்களுக்குத் தெரியாது! மாறினதுக்கப்புறமும் வலி குறையலன்னு எழுதப்போறாங்க! உன் கைக்கு இருந்த ஒரே வழிய நீங்களே அடைச்சுட்டீங்க, புரியுதா?"

"எனக்குப் பாடம் நடத்தாத."

"அப்போ யாருதான் நடத்தறது? கோப்பைய உடைக்கறது நீதானே?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். ஏன்தான் எனக்கு வாய் இப்படி - அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் ஈரத்துணியை உள்ளே எடுத்து வந்தாள். இன்னும் ஈரமாகவே இருந்தது எல்லாம்.

மார்ச் 22, ஞாயிறு

நாலு பக்கம் எழுதினேன். "மேசை மாறும் முறை சரியாக நடக்கச் சில யோசனைகள்." தலைப்புக்கு அடியில் கோடு வேறு. எங்கே மேசைகள் மாறினாலும் முதலில் கற்றுக்கொள்ள நாள் தர வேண்டும், மேசைக்கு மேசை சம்பளம் வேறாக இருந்தால் யாரும் மனமார மாறமாட்டார்கள், இப்படி. சாப்பாட்டு மேசையில் அம்மாவின் தட்டுக்குக் கீழே வைத்தேன்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். பிறகு அதன் மேல் மீன் முள்ளை எடுத்து வைத்தாள்.

"நல்ல கையெழுத்து" என்றாள். "ஒரு விஷயம் மட்டும் இதுல இல்ல."

"என்ன?"

"யாரோட நிக்கறதுங்கறது."

தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, ஞானத்தாய்க்கு ஆலிவ் கிளை கொண்டுபோய்க் கொடுக்கும் நாள். பூசை முடிந்ததும் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் தண்ணீர்த் தொட்டியில் கீரை அலசிக்கொண்டிருந்தார், முதுகு என் பக்கம்.

"ஞானம்மா" என்றேன். திரும்பவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன், நான் அம்மாவோடு சண்டை போட்டது தெரிந்திருக்கும். இன்னும் பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. குழாயை மூடினார், முணுமுணுத்துப் பாடினார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று நான் கத்துகிறேன்!

தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. என் முகத்தைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன் என்று அவரும் புரிந்துகொண்டார்.

"உக்காரு" என்றார்.

நான் முதல் திருவிருந்தான புதுநன்மை வாங்கிய வருடத்தில் காது மந்தமாகத் தொடங்கியதாம். எதிரே உதட்டைப் பார்த்தால் பாதி புரியும். தொழிற்சாலையில் மாஸ்க். இயந்திரச் சத்தத்தில் ஃபோர்மேன் என்ன கத்தினாலும் அம்மா கண்ணால் காட்டிவிடுவாளாம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நிறுத்து, தள்ளு.

"அவ எதிர்ல இல்லாத மேசைல நான் ஒரு நாள் நின்னா போதும், எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் வீட்டுக்குப் போம்மான்னுடுவாங்க."

"அம்மாவுக்குக் கை மரத்துப்போறது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? அவ டப்பால பாதிய நான்தான் அடுக்கி அவ தட்டுக்குத் தள்ளறேன். எனக்குக் காது அவ. அவளுக்குக் கை நான். மாடில நின்னு பாக்கறவளுக்கு இது எங்க தெரியப்போகுது?"

கிளையை வாங்கி சிலுவைக்குப் பின்னால் செருகினார். வாசலில் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ கத்தினாதான் எனக்கு நல்லா கேக்குது. கத்தற பொண்ணாவே இரு" என்றார்.

யாரோடு. ஆமாம், என் நாலு பக்கத்திலும் அது இல்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஞானம்மா வழக்கம்போல் இனிப்பு ரொட்டி கொண்டுவந்தார். இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். ஞானம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "அப்போ என்னை விட்டுடுவியா?"

ஏப்ரல் 9, வியாழன்

அம்மா சாப்பிடவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்தும், முடிவைப் படிக்கும்வரை சோதனை நீள்கிறது; இன்று இடைவேளையில் கைகழுவும் அறையில் தொப்பியை நீட்டினாளாம். ஸுல்மீரா உடனே வாங்கவில்லையாம். ஒரு கையால் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டே கேட்டாளாம்: "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மாத்தாம இருக்கலாமா? என் தொப்பி எங்க போகுதோ அங்க நானும் போறேனே."

"நீ என்ன சொன்னே?"

"ஞானம்மா அதுக்குள்ள அடுக்கு மேசைல போய் நின்னுட்டா. நான் போகலன்னா அவ -" அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "மாத்திக்கோன்னேன். சரிக்கான்னா. அவ்வளவுதான். சரிக்கான்னா."

ஏப்ரல் 15, புதன்

நான் அங்கே இல்லை. ஞானம்மா வந்து நடித்துக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன்.

தொழிற்சாலை உணவுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டியிருந்தார்கள். இன்ஜினியர் முடிவைப் படிக்க எழுந்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எழுந்து நேராக முன்னால் போனாள். தொப்பியைக் கழற்றி இன்ஜினியரிடம் நீட்டினாள்.

"இன்ஜினியரம்மா, இது என் நம்பர்தானே?"

"ஆமா."

"மோந்து பாருங்க."

"என்னது?"

"மோந்து பாருங்கம்மா. அப்புறம் என் கைய மோந்து பாருங்க."

அந்தப் பெண் மோந்து பார்த்தாளாம்! தொப்பியை, அம்மாவின் கையை, மறுபடி தொப்பியை.

"இந்த வேலை செஞ்சவ அதோ, ஸுல்மீரா. முதல் நாள்லருந்து வெட்டு மேசைய விட்டு அவ நகரல. நானும் என் மேசைய விட்டு நகரல. தொப்பிதான் மாறிச்சு. நீங்க அளந்தது தொப்பிக்கு வலிக்குதான்னு."

அதற்கு யாரோ சிரித்துவிட்டார்களாம். முதலாளி சிரிக்கவில்லை. "அப்போ இத்தனை நாளா என்னை ஏமாத்தியிருக்கீங்க?"

"ஆமா. உங்களயும் ஏமாத்தினோம், எங்க கையையும் ஏமாத்தினோம்" என்றாள் அம்மா. எல்லோருக்கும் முன்னால் வலது கையைத் தூக்கிக் காட்டி, மூன்று விரலில் உணர்ச்சி இல்லை என்று சொன்னாள். அத்தனை மாதம் மறைத்ததை. முதலாளி அனுப்புவதாகச் சொன்ன அந்த ஆட்களில் தானும் ஒருத்தி என்று.

பிறகு கேட்டாளாம். தனியாகப் பிய்த்து அனுப்பாதீர்கள், எதிரெதிரே நிற்கிற இருவரை ஜோடியாகவே மேசை மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டாம், கை பழகுவதற்குள் மணி அடித்துவிடும். அரை நாள் கொடுங்கள். புது மேசைக்குப் போகிறவளுக்குத் தெரிந்தவள் ஒருத்தி கற்றுக்கொடுக்கட்டும், அந்த வாரம் வேகம் பார்க்காதீர்கள். அடுக்கு மேசைக்குக் கூட வருவதை மூன்று மேசைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

என் நாலு பக்கத்தில் மூன்று பக்கம்! மீன் முள் வைத்தாளே!

ஞானம்மாவின் காதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போய்விட்டாராம்.

ஏப்ரல் 17, வெள்ளி

அடுக்கு மேசையில் யாரும் அம்மாவோடு பேசுவதில்லை. ஞானம்மா மட்டும் பேசுகிறார். சத்தமாக.

ஏப்ரல் 27, திங்கள்

பதில் வந்துவிட்டது. ஜூனில் வரும் அருளப்பர் திருவிழா வரை இன்னொரு சோதனை, அம்மா கேட்டபடி ஜோடி ஜோடியாக. அதுவரை யாரையும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. பணத்தைப் பிரிப்பதற்கு மட்டும் முதலாளி இன்னும் முனகுகிறார். நிறத்தொப்பி கிடையாது, எல்லோருக்கும் ஒரே வெள்ளை.

இன்ஜினியர் மாடியிலிருந்து இறங்கி வெட்டு மேசையில் வேலை செய்தாராம். அவருக்கு ஜோடி ஸுல்மீரா. "கத்திய பேனா மாதிரி பிடிக்கறா" என்றாள் அம்மா. பேச்சு நிற்கவில்லையாம். அவரைக் கேலி செய்வதற்காகவே எல்லோரும் பேசினார்களாம்.

மே 18, திங்கள்

நன்றாகப் போகிறது என்று எழுத ஆசை. ஆனால் இல்லை. ஒரு பெட்டி டப்பா கோணலாக அடுக்கியதென்று திரும்பி வந்திருக்கிறது. ஃபோர்மேன் அம்மாவைப் பார்த்து, "திருப்தியா?" என்றாராம். வெட்டு மேசையில் அம்மாவும் ஞானம்மாவும்தான் ரொம்ப மெதுவாம். "எனக்குக் கத்தி மறந்துபோச்சு" என்கிறாள் அம்மா, குழந்தை போல. தாள் மேசையில் வயதான ஒருவர் மாறவே மாட்டேன் என்றார், அவரை விட்டுவிட்டார்கள். அதற்கும் சிலருக்குக் கோபம்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஸுல்மீரா அடுக்கு மேசையில் அம்மாவின் இடத்தில் நிற்கிறாளாம். சொல்லும்போது அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "கை வேகமா வருது அவளுக்கு" என்றாள் பிறகு.

ஜூன் 2, செவ்வாய்

என்னையும் தெபோராவையும் ஜோடியாகவே இடம் மாற்றும்படி வகுப்பாசிரியையிடம் காரணங்களோடு எழுதிக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். முடியாது என்றார்.

ஜூன் 23, செவ்வாய்

அருளப்பர் திருவிழாவின் முந்தைய மாலை. தெருவெல்லாம் மத்தி சுடும் கரி அடுப்பு. மத்தி வந்துவிட்டது, அதனால் தொழிற்சாலைக்கு இன்று லீவு இல்லை.

அம்மா கதவைத் திறந்ததுமே தெரிந்தது. கண்ணை மூடத் தேவையில்லை. வெட்டு மேசை. இரும்பு வாடை.

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "ஸுல்மீரா குடுத்தா. அவளே அடுக்கினதாம். உனக்காம்." அப்பா திறந்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். "வால் கொஞ்சம் நீளம்" என்றாள். பிறகு முதல் மீனை அவள்தான் எடுத்துச் சாப்பிட்டாள்.

பணத்தைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. மற்றது அடுத்த வருடமும் தொடரும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனாராம். அம்மாவின் கட்டைவிரலுக்கு உணர்ச்சி திரும்பியிருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இன்னும் இல்லை. டாக்டர் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்.

கீழே ஞானம்மா ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி முன் தலையை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தேன். பின்னாலிருந்து சீப்பைப் பிடுங்கினாள் அம்மா.

"உக்காரு."

"அம்மா, கைய கழுவு! நாறும்!"

"மூணு தடவை கழுவியாச்சு. நாறட்டும்."

மெதுவாகப் பின்னினாள். நடுவில் இரண்டு முறை நிறுத்திக் கையை உதறிக்கொண்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னல் ஒரு பக்கம் தளர்ந்து, கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. திருத்த விடவில்லை நான்.

தெருவில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. இன்றைக்கு ஊரே மத்தி வாசனைதான். எனக்கு மட்டும் தலையைத் திருப்பும்போதெல்லாம் அம்மாவின் கை வாடை தனியாகத் தெரிந்தது.